எகிப்திய விதையும் இரைப்பு நோயும்

இரைப்பு நோயாளி படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவர்களே அறிவார்கள். படுக்க முடியாது, பேச முடியாது, உள்ளே போன மூச்சு வெளியே வர மறுக்கும். இவ்வளவு அவஸ்தைக்கும் காரணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த பகைவன் அல்ல என்பதுதான் ஆச்சரியம்.

கிருமிகளையும் புழுக்களையும் எதிர்ப்பதற்கென்று நமது சரீரத்தில் ஒரு காவற்படை உண்டு. அதைச் சேர்ந்த 'மாஸ்ட்' அணுக்கள் மூச்சுக் குழாய்களின் சுவர்களில் காவல் நிற்கின்றன. ஒவ்வாமையுள்ளவர்களின் குழாயில் மகரந்தத் தூளோ பூனையின் பொடுகோ நுழைந்தால், இவை அதைப் பகைவனென்று மயங்கி, தம்மிடமுள்ள ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிடுகின்றன. குழாய் வீங்கிச் சுருங்குகிறது, சளி அடைக்கிறது. திருடன் வராத வீட்டில் காவற்காரனே கதவை உடைத்த கதைதான்!

எகிப்து தேசத்தில் 'கெல்லா' என்றொரு செடி உண்டு. நமது கொத்துமல்லி, சீரகம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதைக் கஷாயத்தைச் சிறுநீர்க் கல்லினால் வரும் வலிக்கு அந்நாட்டார் நெடுங்காலமாகப் பருகி வந்தனர். விதையிலுள்ள 'கெல்லின்' என்னும் சத்து, குழாய்த் தசைகளைத் தளர்த்த வல்லது. ஆகவே வைத்தியர்கள் அதை இரைப்புக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரளவு குணம் தெரிந்தது. கூடவே குமட்டலும் வந்தது.

பிறகு இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ரசாயன நிபுணர்கள் கெல்லினை ஒத்த புதுப் பொருள்களைச் செய்யலானார்கள். 1956-ஆம் வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் ரோஜர் ஆல்டூனியன் தாமே ஓர் இரைப்பு நோயாளி. பிராணிகளிடம் பலன் காட்டாத பொருள்களையும் அவர் தம்மீதே சோதித்தார். மருந்தை உட்கொள்வார், பிறகு தமக்கு ஒவ்வாத கினிப் பன்றிப் பொடுகின் சாரத்தை முகர்ந்து இரைப்பை வரவழைத்து, மூச்சை அளப்பார். இப்படிப் பல வருஷங்கள்! 1965-ல் 'குரோமோகிளைகேட்' கிடைத்தது.

அவர்கள் தேடியது குழாயைத் தளர்த்தும் மருந்து, கிடைத்ததோ வேறு. இது தளர்த்துவதில்லை. முன்கூட்டியே முகர்ந்தால் மாஸ்ட் அணுக்கள் பதறாமல் தடுக்கிறது; இரைப்பு தொடங்கிய பின்னர் முகர்ந்தால் பயனில்லை.

இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் முகரும் 'ஸ்டீராய்டு' மருந்துகள் பிடித்துவிட்டன. குரோமோகிளைகேட் கண் சொட்டு மருந்தாகவும் நிலவுகிறது. ஆனால் அது கற்பித்த பாடம் மாறவில்லை. தணிக்கும் மருந்து வேறு, தடுக்கும் மருந்து வேறு. மூச்சு சுகமாயிருக்கும் நாளில் மருந்தெதற்கு என்று தடுப்பு மருந்தை நிறுத்திவிடுவோர் நம் வீடுகளில் பலர். அந்தச் சுகத்தைக் காத்து வந்ததே அம்மருந்துதான் என்பது, நள்ளிரவில் மூச்சு முட்டும்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. அப்போது கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல், தணிக்கும் மருந்தைக் கொடுத்து, விரைந்து வைத்தியரிடம் கொண்டு செல்வதே உயிர் காக்கும் வழி.