ஒரே மாத்திரை, இருவகை மனிதர்



காசநோய்க்கான மாத்திரைகளில் ஐசோனியசிட் என்பது உங்களில் பலர் கேள்விப்பட்ட பெயர். ஆஸ்பத்திரிகளில் இதை ஐ.என்.எச். என்பார்கள். 1952-ல் சிகிச்சைக்கு வந்த இம்மருந்து விலை மலிவானது. கிருமியைக் கொல்வதில் வல்லமையுள்ளது. ஆயினும் இதை உட்கொள்ளும் சிலருக்குப் பாதம் மரத்துப்போய் எரிச்சல் காணும். அதே அளவை உட்கொண்ட அடுத்த கட்டில்காரருக்கோ ஒன்றும் ஆவதில்லை. காரணம் என்ன?

நாம் விழுங்கும் மருந்து உடலில் அப்படியே தங்கிவிடுவதில்லை. ஈரல் அதை மாற்றுகிறது. ஐசோனியசிடுடன் அசிட்டைல் என்னும் சிறு இரசாயனத் துணுக்கைச் சேர்த்து, அதன் வீரியத்தை அழித்து, சிறுநீரில் வெளியேற வழிசெய்கிறது. இவ்வேலையைச் செய்யும் என்சைம் சிலரிடம் சுறுசுறுப்பாகவும் சிலரிடம் மந்தமாகவும் இருக்கிறது.

இது பரம்பரையாக வருவது என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் டாக்டர் டேவிட் பிரைஸ் எவன்ஸ். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அவரும் உடன் ஊழியரும் குடும்பம் குடும்பமாக மக்களுக்கு இம்மருந்தைக் கொடுத்து, ஆறு மணி நேரத்திற்குப்பின் இரத்தத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்தனர். மக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தனர். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் மந்தத் தன்மையைப் பெற்றவரே மெதுவாக அழிப்பவர். இம்முடிவு 1960-ல் வெளியானது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளும் இதில் வேறுபடலாம்.

இக்கேள்வி நம் சென்னைக்கும் உரியது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தில் (இன்று இது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) மருத்துவர்கள் இதே வேறுபாட்டை நோயாளிகளிடம் ஆராய்ந்தனர். தென்னிந்தியரில் ஏறத்தாழப் பத்தில் ஆறு பேர் மெதுவாக அழிப்பவர்கள். நரம்புக் கோளாறு இவர்களிடமே அதிகம் கண்டது. மருந்து நெடுநேரம் தங்குவதே காரணம். அது நரம்புகளுக்குத் தேவையான வைட்டமின் பி6-ன் பயனைக் குறைக்கிறது.

விரைவாக அழிப்பவர்களுக்கோ வேறு ஆபத்து. தூரத்திலிருந்து வருவோரின் வசதிக்காக, வாரம் ஒருமுறை மட்டும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு ஐசோனியசிட் கொடுக்கும் முறையை அம்மையம் சோதித்தது. விரைவாக அழிப்பவர்களிடம் அது போதிய பலன் தரவில்லை. அடுத்த வேளைக்கு வெகு முன்னரே மருந்து தீர்ந்துபோயிற்று. வாரம் இருமுறையாவது கொடுத்தபோது பலன் நன்றாயிருந்தது. தினமும் கொடுக்கும்போது இருவகையினரும் குணமடைகிறார்கள்.

பாருங்கள், ஒருவருக்குக் கால் எரிந்தது அவர் பயந்த சுபாவத்தால் அல்ல. மற்றொருவருக்கு நோய் தீராதது அவர் மாத்திரையை ஒளித்ததால் மட்டும் என்றும் சொல்ல முடியாது. நோயாளியைக் குறை கூறுமுன் அவர் உடலைக் கேட்க வேண்டும் என்பதே இந்த ஆராய்ச்சி கற்பித்த பாடம்.

இந்தியாவில் 2017 முதல் காசநோய் மருந்து தினசரி முறையாக்கப்பட்டுள்ளது. நரம்புப் பாதிப்பைத் தடுக்க மருத்துவர்கள் வைட்டமின் பி6 மாத்திரையும் தருகிறார்கள். ஆகவே உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, சபையிலோ இம்மருந்தை உட்கொள்ளுகிறவர் கால் மரக்கிறது என்றால், மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லும்படி அன்போடு வற்புறுத்துங்கள். கால் மரத்துப்போவதற்கு எளிய பரிகாரம் உண்டு; பாதியில் விட்ட காசநோயோ, மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரக்கூடும்.