கப்பல் காலியா இருக்கா, சார்?

நம்ம ஊர் தண்ணீர் லாரிக்கும் அமெரிக்க எண்ணெய்க் கப்பலுக்கும் ஓர் ஒற்றுமை. போகும்போது தளும்பத் தளும்ப, திரும்பும்போது காலி! டெக்சாஸில் ஏற்றின பெட்ரோலை ஃப்ளோரிடாவில் இறக்கினால், திரும்பி எடுத்து வர ஒன்றும் கிடையாது. ஆடாமல் இருக்கக் கடல் தண்ணீரை ரொப்பிக்கொண்டு வரவேண்டியதுதான். ஆகவே, 'எங்கள் கப்பல்கள் முழு உபயோகத்தில்' என்று முதலாளிகள் சொன்னால், வாடகைக்குப் போயிருக்கின்றன என்று மட்டுமே நான் எடுத்துக்கொள்வேன்.

அங்கே 1920-லிருந்து ஜோன்ஸ் சட்டம் என்று ஒன்று. உள்நாட்டுத் துறைமுகங்களுக்குள் சரக்கு போனால், கப்பல் அமெரிக்காவிலேயே கட்டினதாக இருக்கணும். சொந்தக்காரர், கொடி, மாலுமிகளில் முக்கால்வாசிப் பேர்... எல்லாம் அமெரிக்கா. கட்டும் செலவோ வெளிநாட்டைப்போல மூன்று, நான்கு மடங்கு! அதனால் கடலோடும் டாங்கர்கள் மொத்தமே ஐம்பத்துச் சொச்சம்தான்.

2010-க்குப் பிறகு டெக்சாஸில் பாறை எண்ணெய் பொங்கியது. கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்கோ 1975-லிருந்து கெடுபிடி. கிழக்குக் கரை ஆலைகளுக்குக் கடல்வழியாக அனுப்ப இந்த ஐம்பதுதான் கதி. விடுவார்களா? வாடகை எகிறியது. கிழக்குக் கரைக்குப் பீப்பாய்க்கு ஐந்து, ஆறு டாலர். அதைவிடத் தூரமான கனடாவுக்கு வெளிநாட்டுக் கப்பலில் இரண்டே டாலர்! ஃபிலடெல்ஃபியாவிலும் சான் டியகோவிலும் புதுக் கப்பல்களுக்கு ஆர்டர் பறந்தது. அவை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தபோதே, 2015 டிசம்பரில் ஏற்றுமதித் தடை போயே போச்சு. கல்யாணப் பந்தி முடிந்தபிறகு இலைக்கட்டு வந்து இறங்கின மாதிரி!

2021 மே 7-ம் தேதி இன்னொரு கூத்து. டெக்சாஸிலிருந்து நியூஜெர்சி வரை போகும் கலோனியல் பைப்லைனின் கம்ப்யூட்டர்களில் திருடர்கள் புகுந்துவிட, குழாயையே மூடினார்கள். கிழக்குக் கரையின் எரிபொருளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதில்தான் வருகிறது. பல ஊர்களில் பங்க்குகள் வறண்டன. வெளிநாட்டுக் கப்பலை விடுவதென்றால், அரசாங்கம் முதலில் விசாரிக்க வேண்டியது, 'நம்ம கப்பல் ஏதாவது சும்மா நிக்குதா?' என்பதுதான். எண்ணிக்கையில் ஒன்று கிடைக்கலாம். அது அலாஸ்கா பக்கம் கச்சா எண்ணெய் சுமக்கிற கப்பலாக இருந்தால், கரோலினாக்காரர் காருக்கு என்ன பிரயோசனம்? கடைசியில் தாற்காலிக விலக்கு கொடுத்தார்கள். ஐந்தாறு நாளில் குழாயும் திறந்தது.

சட்டத்தையே தூக்கு என்கிறார்கள் சிலர். யுத்தம் வந்தால் ராணுவத்துக்கு எண்ணெய் சுமக்கச் சொந்த மாலுமி வேண்டாமா என்கிறார்கள் மற்றவர்கள். இவர்கள் கட்சியிலும் நியாயம் இருக்கு. ஆனால், டெக்சாஸ் பெட்ரோல் மெக்ஸிகோவுக்குப் போக, நியூயார்க்காரர் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்ரோலைப் போட்டுக்கொள்கிறாரே, அவருக்கு யார் பதில் சொல்வது?