இரவுப் பாசனத்திற்கேற்ற சார்ஜ் டார்ச் விளக்கு

மும்முனை மின்சாரம் இரவு வேளையில் விடப்படும் ஊர்களில், பயிருக்கு நீர் பாய்ச்ச வேண்டிய விவசாயி பெரும்பாலும் நடுநிசியிலேயே கிணற்றடிக்குப் போக வேண்டியவராகிறார். மோட்டாரை ஓட்டிவிட்டு வந்தாற் போதாது. வாய்க்காலில் உடைப்பு உண்டா, மடை சரியாகத் திரும்பியிருக்கிறதா, கடை வயல் வரையில் நீர் சேர்ந்ததா என்று வரப்பு வழியே சுற்றிப் பார்த்து வருதல் வேண்டும். அவ்வேளையில் அவருக்குத் துணையாவது கையிலுள்ள டார்ச் விளக்கு ஒன்றே. மண்வெட்டி வாங்கும்போது தட்டிப் பார்த்தும், காளை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்தும் வாங்குகிற நம்மவர், இவ்விளக்கை மாத்திரம் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நானும் அவ்வாறு வாங்கி ஏமாந்தவனே. ஆகையால் இதைப் பற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, “10,000 லூமென், 2 கிலோமீட்டர் தூரம், 8 மணி நேரம்” என்று பெட்டியில் அச்சிட்ட விளக்கொன்றைச் சந்தையில் வாங்கினேன். முதல் இரவில் அது எதிர்த் தோப்பிலுள்ள தென்னை மட்டைகளை எண்ணும்படி காட்டிற்று. அந்தப் பிரகாசத்தில் மயங்கி, எனது வட்டாரத்து விவசாயி ஒருவருக்கும் அதையே சிபாரிசு செய்தேன். அவர் ஐப்பசி மாதத்து இரவொன்றில் மடை திருப்பச் சென்றவர், திரும்பும் வழியில் விளக்கு மங்கி அணைந்துவிடவே, காலால் வரப்பைத் தடவிக்கொண்டு வந்து கண்ணாடி விரியனை மிதித்துவிட்டார். உடன் சென்ற மகன் தாமதியாமல் மோட்டார் சைக்கிளில் அரசாங்க ஆஸ்பத்திரியிற் கொண்டு சேர்த்து, விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டமையால் உயிர் பிழைத்தார். ஆனால் இரண்டு மாதம் அவரால் வயலில் இறங்க இயலவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இது ஏதோ ஒருவருக்கு நேர்ந்த அபூர்வ விபத்தன்று. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர், என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டிருக்கிறது. அவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள்.

விளக்கு அணைந்த பின்புதான் அவ்விபத்து நேர்ந்ததெனினும், அணையாதிருந்தாலுங்கூட அது வரப்பு நடைக்கு ஏற்ற விளக்கன்று என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. டார்ச் விளக்கின் ஒளியை இரண்டு விதமாக அளப்பார்கள். விளக்கிலிருந்து வெளிப்படும் மொத்த ஒளியை அளப்பது லூமென். ஒளிக்கற்றையின் நடுவிலுள்ள கூர்மையை அளப்பது காண்டெலா. மொத்த ஒளி ஒன்றாகவே இருக்க, அதைக் குறுக்கி ஒரே புள்ளியிற் செலுத்தினால் தூரத்தில் விழும்; பரப்பினால் காலடியில் விரிந்து விழும். தூரத்துக்கென்று செய்த விளக்கைக் காலடியிற் பிடித்தால், நடுவில் கண்ணைக் கூசும் ஒரு வட்டமும் சுற்றிலும் இருளுமே தென்படும். பாம்பு கிடப்பதோ பெரும்பாலும் அவ்விருளில்தான். மேலும், மாடு, நரி, பூனை முதலியவற்றின் கண்கள் டார்ச் ஒளியில் மின்னுவதுபோலப் பாம்பின் கண் மின்னாது. ஆகையால் அதன் உடலைக் கண்டே ஒதுங்க வேண்டும். நடப்பவருக்கு முன்னால் நாலைந்து முழம் வரையில், வரப்பின் இரு புறச் சரிவும் தெரியும்படி பரந்து விழும் ஒளியே இதற்கு வேண்டும். 150 அல்லது 200 லூமென் இருந்தால் அதற்குத் தாராளமாகப் போதும்.

தூரக் கணக்கையும் சிறிது அறிந்து வைத்தல் நன்று. ஆன்ஸி எப்.எல். 1 என்னும் அமெரிக்க அளவுமுறையைத் தழுவி அளப்பவர்கள், தெளிந்த வானத்துப் பௌர்ணமி நிலவளவு ஒளி எவ்வளவு தொலைவில் விழுகிறதோ அதையே விளக்கின் தூரமாகக் குறிக்கிறார்கள். நிலவொளியில் எதிரே நிற்பது கன்றா, காட்டுப்பன்றியா என்று தெரிந்துகொள்வது எளிதன்று. ஆகவே குறித்த தூரத்திற் பாதியையே நமக்குப் பயன்படும் தூரமென்று கொள்ளலாம். மீட்டர்க் கணக்கிலுள்ள தூரத்தை அதே எண்ணாற் பெருக்கி 4-ஆல் வகுத்தால் அதற்கு வேண்டிய காண்டெலா கிடைக்கும். 200 மீட்டருக்கு 10,000 காண்டெலா வேண்டும்; 400 மீட்டருக்கு 20,000 அன்று, 40,000 வேண்டும். எனது பழைய விளக்குப் பெட்டி கூறிய 2 கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் காண்டெலா வேண்டும். கைப்பிடியளவான அவ்விளக்கில் அது இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 8 மணி நேரத்தின் கணக்கு இதைக் காட்டிலும் வேடிக்கையானது. இக்காலத்து விளக்குகளில் மிகுதியாக இருப்பது 18650 என்னும் லித்தியம் அயான் பாட்டரி. அதன் பெயரே அதன் அளவு: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். மில்லி ஆம்பியர் மணி என்பதைத் தொட்டியின் கொள்ளளவென்றும், லூமென் என்பதை மடை திறந்த அளவென்றும் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். இவ்வகைப் பாட்டரியில் நல்ல கம்பெனிச் சரக்கு சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும். அதன் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், ஆக ஒரு பாட்டரியில் அடங்கியிருப்பது சுமார் 12.6 வாட் மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாகவே கொண்டாலும், மொத்தம் 1,260 லூமென் மணிதான் கிடைக்கும். அதாவது, 300 லூமென் வீதம் எரித்தால் 4 மணி நேரம். 1,000 லூமென் வீதம் எரித்தால் ஒன்றேகால் மணி நேரம். 10,000 லூமெனை 8 மணி நேரம் எரிக்க வேண்டுமானால் இத்தகைய பாட்டரிகள் 63-க்கு மேல் வேண்டும். அவற்றின் எடை மாத்திரம் 3 கிலோ வரையில் வந்துவிடும். விவசாயி அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வரப்பில் நடக்க வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. 18650 பாட்டரியின் மேல் 6,000 என்றோ 9,900 என்றோ அச்சிட்டிருப்பின் அது பொய்ச் சரக்கு. நல்ல பாட்டரி 45 முதல் 50 கிராம் வரையில் நிறுக்கும். நகைக்கடைத் தராசிலோ தபாலாபீஸ் தராசிலோ வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். மிகவும் குறைந்த எடையுள்ளதை வாங்கலாகாது. சற்றுப் பெரிதான 21700 என்னும் வகை 5,000 வரையில் கொள்ளும். நெடுநேரம் நீர் பாய்ச்சுபவருக்கு அதுவே உத்தமம்.

பெட்டியிற் குறித்த நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேற்சொன்ன அளவுமுறையின்படி, ஆரம்பப் பிரகாசம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையில் விளக்கு எரிவதாகவே கணக்கு. ஆகையால் உச்சப் பிரகாசத்துக்கு நேரே எழுதியிருக்கும் நேரம் முழுவதும் அதே பிரகாசம் இருக்குமென்று எண்ணலாகாது. உஷ்ணம் மிகுந்து விளக்கு கெட்டுப்போகாதபடி, நல்ல விளக்குகளே சில நிமிஷங்களில் தம் ஒளியைத் தாமே குறைத்துக்கொள்ளும். இது குற்றமன்று. நாம் பார்க்க வேண்டியது நடுத்தர நிலையில் எத்தனை லூமென், எத்தனை மணி நேரம் என்பதே. அவ்விவரத்தைக் குறிக்காத விளக்கை விட்டு விலகுவதே மேல்.

ஒளியின் நிறத்தைப் பற்றி நம்மவர் கவலைப்படுவதில்லை. நீலம் பாரித்த வெள்ளொளி பளிச்சென்று தோன்றுமாயினும், அதில் சருகின் நிறமும் விரியனின் நிறமும் ஒன்றாகிவிடுகின்றன. 4,000 முதல் 5,000 கெல்வின் வரையுள்ள ஒளியில் பழுப்பும் பச்சையும் வேறு வேறாகத் தெரியும். இதனால் வேறொரு பிரயோஜனமும் உண்டு. நிலக்கடலையில் விழும் புரொடீனியா புழு வளர்ந்தபின் பகலில் மண்ணுக்குள் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து இலையைத் தின்னும். பகலில் வந்து பார்த்துவிட்டு “புழுவையே காணோம்” என்பவர்கள், இத்தகைய விளக்குடன் இரவு 9 மணிக்கு ஒருமுறை வயலுக்கு வந்து பார்க்கட்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களின் தேவை சிறிது வேறானது. வடகிழக்குப் பருவ மழையில் ஏரிக்கரையைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கும், வெள்ளத்தில் எதிர்க்கரையை நோக்க வேண்டியவர்களுக்கும் தூரம் பாயும் விளக்கே வேண்டும். 40,000 காண்டெலாவுள்ள விளக்கொன்றும், நடப்பதற்குப் பரந்த ஒளியுள்ள சிறு விளக்கொன்றும் வைத்திருத்தல் நலம். ஒரே விளக்கு இரண்டு வேலையையும் செவ்வனே செய்வது அரிது. புயலுக்குப் பின் பல நாள் மின்சாரம் இராதாகையால், பாட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கையே அலுவலகத்துக்கு வாங்க வேண்டும். மாற்றுப் பாட்டரியை அதற்குரிய பிளாஸ்டிக் உறையிலன்றி, சாவிக்கொத்துடனும் சில்லறையுடனும் சட்டைப்பையிற் போட்டுக்கொள்ளலாகாது. முனைகள் இரண்டும் உலோகத்தால் இணைந்துவிட்டால் தீப்பற்றும்.

மலிவாகக் கிடைக்கும் பெரிய விளக்குகள் பலவற்றில் இன்னும் ஈய-அமிலப் பாட்டரியே இருக்கிறது. மாதக்கணக்கில் சார்ஜ் செய்யாமற் போட்டுவைத்தால் அது பயனற்றுப்போம். மேலும், சுவர்ப் பிளக்கில் நேரே செருகும்படி இரு முனைகள் உடலிலேயே பொருத்தப்பட்ட மலிவு விளக்குகள் பலவற்றில் 230 வோல்ட் மின்சாரத்தைத் தனியே பிரிக்கும் அமைப்புக் கிடையாது. விரிசல் கண்ட அத்தகைய விளக்கை ஈரக்கையுடன் செருகுதல் ஆபத்து. 5 வோல்ட் யு.எஸ்.பி. டைப்-ஸி துளையுள்ளதை வாங்கினால் கைபேசியின் சார்ஜரே போதும். லித்தியம் பாட்டரியை 45 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் சார்ஜ் செய்யலாகாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையிட்ட மோட்டார் கொட்டகைக்குள் அவ்வளவு உஷ்ணம் எளிதில் ஏறிவிடும். வைக்கோற்போரின் அருகிலும் கூரைத் தாழ்வாரத்திலும் சார்ஜ் செய்வதை அறவே விலக்க வேண்டும்.

ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறியுள்ளது மழைத் தூறலைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ். 7 என்றிருப்பது 1 மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. வாய்க்காலில் விழாத டார்ச்சை நான் கண்டதில்லையாதலால் பின்னதையே சொல்வேன். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி இறுக அமர்கிறதா என்று பார்த்துக்கொள்க.

வாங்கிய அன்றே முழுவதும் சார்ஜ் செய்து, நடுத்தர நிலையில் ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்து எத்தனை மணி நேரம் எரிகிறதென்று குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டியிற் குறித்ததில் பாதியும் எரியாவிடில் ரசீதுடன் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். நான் மேலே சொன்ன விவசாயிக்கு இவ்வாறு சோதித்த பின்பே, 21700 பாட்டரியுள்ள வேறொரு விளக்கை என் செலவில் வாங்கிக் கொடுத்தேன். 200 லூமெனில் 7 மணி நேரத்துக்கு மேல் எரிகிறது. அதனுடன் முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்ஸையும் தடியையும் அவர் விடுவதில்லை.

பயனற்றுப்போன பாட்டரியைக் குப்பைக்குழியிலோ எருக்குழியிலோ எறியலாகாது. 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. ஆகையால் முனைகளின் மேல் டேப் ஒட்டி, விற்பனைக் கடையிலோ பழைய பாட்டரி சேகரிப்பவரிடமோ சேர்ப்பிக்க வேண்டும்.