கட்டிக் கொடுத்த சோறு

சென்ற வாரம் ஒபைத் சித்திக்கி அவர்களையும், பழ ஈக்களைக் கொண்டு அவர் நடத்திய ஆராய்ச்சிகளையும் பற்றிச் சொல்லி நிறுத்தியிருந்தேன். பெங்களூரின் பெல்லாரி சாலையில், காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திரத்தின் மரங்களுக்கு நடுவே, அவர் முன்னின்று உருவாக்கிய தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் இன்று ஈக்களோடு மீன்களும் வாசம் செய்கின்றன. நாம் இந்த வாரம் பார்க்கப்போவது அந்த மீனைத்தான்.

திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800 மே மாதத்தில், வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி மைசூர் ராஜ்யத்தின் விளைச்சலையும் குடிகளின் வாழ்க்கையையும் நேரில் கண்டு எழுதுவதற்காகச் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்த பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், ஹைதரும் திப்புவும் அமைத்த பெங்களூர்த் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுதினாரே, அவரேதான் பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களைப் பற்றி 1822-ல் வெளியிட்ட நூலில், அரை விரல் நீளமும் மேனியில் நீலக் கோடுகளும் கொண்ட ஜீப்ரா மீனை விஞ்ஞான உலகத்துக்கு முதன்முதலாக அறிமுகம் செய்தவர். வயல் வாய்க்காலிலும் ஓடையிலும் திரிகிற நம் நாட்டு மீன் அது. அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்பவர் அதை ஆய்வுக்கூடப் பிராணியாக்கி, 1981-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1996-ல் ஜெர்மனியின் ட்யூபிங்கனிலிருந்தும் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்தும் பிறவிக் கோளாறுள்ள மீன்களின் பெரும் பட்டியல்கள் வெளிவந்தன. கடல் கடந்து கீர்த்தி பெற்றுத் திரும்பிய அந்த மீன், பிறந்த மண்ணில் எந்த நீரில், எந்த மணலில், எந்தெந்த மீன்களோடு கூடி வாழ்கிறது என்பதை, நம் ஆழ்வார்குறிச்சியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மையத்தின் அருணாசலமும் அவருடைய சகாக்களும் 2013-ல்தான் விரிவாக எழுதினார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமும், இத்தனை தாமதமாயிற்றே என்ற வருத்தமும் சேர்ந்தே தோன்றும்.

இந்த மீன்களை வளர்க்கும் கூடங்களில் நாள் தொடங்கும் விதம் அழகானது. முதல் நாள் மாலையில் ஒரு சிறு தொட்டியில் ஆணையும் பெண்ணையும் விட்டு, நடுவே ஒரு தடுப்பை நிறுத்திவிடுகிறார்கள். வெளியே காலைக் குளிர் இருந்தாலும் உள்ளே நீர் 28 டிகிரிச் சூட்டில் நிற்க, பத்து மணி நேர இருளுக்குப்பின் விளக்குகள் எரிந்ததும் தடுப்பை எடுத்தால், சிறிது நேரத்துக்கெல்லாம் பெண் மீன் நூற்றுக்கணக்கில் முட்டையிடத் தொடங்குகிறது. இட்ட முட்டையைத் தாமே தின்றுவிடுவது இம்மீன்களின் சுபாவமாதலால், தொட்டியின் அடியில் ஒரு சல்லடைத் தட்டு வைத்திருப்பார்கள். முட்டைகள் அதன் துளைகளின் வழியே கீழே இறங்கிப் பத்திரமாகிவிடும். அவற்றைச் சேகரிப்பதற்கு விசேஷக் கருவி ஏதும் வேண்டியதில்லை. சமையலறை டீ வடிகட்டியே போதும். நீரில் அலசிக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்தால், சிறு கடுகளவான முட்டைகள் பளிங்கு மணிகளைப்போல் உருளும். உள்ளே நடப்பது அத்தனையும் வெளியே தெரியும்.

மனிதனுக்கும் இந்த மீனுக்கும் உள்ள உறவை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. மீனின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து 2013-ல் வெளியிட்டபோது அதில் 26,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் காணப்பட்டன. மனித மரபணுக்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஒரு ஜோடி அங்கே இருந்தது. ஆனால் கண்ணாகப்போகும் செல்லும் இதயமாகப்போகும் செல்லும் அதே சுவடிக்கட்டைத்தான் வைத்திருக்கின்றன. எந்த ஏட்டை எப்போது பிரிப்பது, எதைக் கட்டியே வைப்பது என்ற நிர்வாகத்தில்தான் கண்ணும் இதயமும் வேறுபடுகின்றன. மரபணுக்களின் ஒழுங்காட்சி என்று இதைச் சொல்லலாம். அந்த ஆட்சி தொடங்கும் வேளையை நேரில் காண்பதற்கு, தாயின் கருப்பையில் மறைந்து வளராத இந்த மீனைப்போல் உதவும் ஜீவராசி அரிது.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. மீன் முட்டையில் அவை இரண்டுமே இருக்கின்றன. மஞ்சள் கரு, தாய் கட்டிக் கொடுத்த சோறு. கருவுறுமுன்பே தாய் எழுதி வைத்துவிட்ட தூது ஆர்.என்.ஏ. என்னும் ஓலைகள், சொல்லிக் கொடுத்த வார்த்தை. முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகிறது. பிறகு கால் மணிக்கொரு தரம் இரண்டு நான்காக, நான்கு எட்டாக, தாளம் தவறாமல் எல்லாச் செல்களும் ஒன்றாகவே பிளக்கின்றன. இந்நேரமெல்லாம் கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் மௌனம்; தாயின் ஓலைகளே காரியத்தை நடத்துகின்றன. மூன்றாம் மணி நேரத்தையொட்டிச் செல்கள் ஆயிரத்தை எட்டும்போது தாளம் தளர்ந்து, செல்கள் தனித்தனி கதியில் பிளக்கத் தொடங்க, ஆயிரக்கணக்கான மரபணுக்கள் வாய் திறக்கின்றன.

அவற்றை எழுப்புவது யார்? யேல் பல்கலைக்கழகத்தில் அந்தோனியோ ஹிரால்டெஸ் குழுவினரும், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் மற்றொரு குழுவினரும் 2013-ல் இதற்கு விடை கண்டார்கள். தாயின் ஓலைகளிலிருந்தே உருவாகும் சில புரதங்கள் மரபணுக்களின் வாயிலில் சென்று பற்றி அவற்றைத் திறக்கின்றன. அவற்றில் ஒன்று நானோக். முதுமையே இல்லாத தேவலோகத்துக்கு ஐரிஷ் மக்கள் வழங்கும் பெயரிலிருந்து வந்த நாமம். அந்த நானோக் முதலாவதாக எழுப்பும் மரபணுக்களில் ஒன்று மிர்-430 என்னும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.யைப் பிறப்பிக்கிறது. அதன் வேலை என்னவென்பதை ஹிரால்டெஸ் 2006-லேயே காட்டியிருந்தார்: தாயின் ஓலைகளில் நூற்றுக்கணக்கானவற்றைத் தேடிப் பிடித்து அழிப்பது. எனவே, தான் விலகவேண்டிய வேளையையும், தன் சொல்லை அழிக்கும் கையையும், தாயே எழுதி வைத்திருக்கிறாள். நான் இந்த விஷயத்தைப் படித்த அன்று வேறெதையும் படிக்க மனம் வரவில்லை.

வார்த்தை மூன்று மணி நேரத்தில் முடிய ஆரம்பித்தாலும் சோறு அவ்வளவு சீக்கிரம் தீர்வதில்லை. ஒரு நாளில் இதயம் துடிக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் குஞ்சு உறையைக் கிழித்து வெளிவருகிறது. ஏறக்குறைய ஐந்தாம் நாளில், வயிற்றில் தொங்கிய மஞ்சள் கரு வற்றிப்போனபின், அது தானே நீந்தி இரை தேடப் புறப்படுகிறது. அந்த வயதையொட்டிய குஞ்சுகளைத்தான் பெங்களூர் மையத்தில் வத்சலா திருமலையின் ஆய்வுக்கூடம் எடுத்துக்கொண்டு, நீந்துவதற்குமுன் அவற்றின் சிறுமூளையில் என்ன நிகழ்கிறது என்று ஆராய்கிறது. அடுத்த வாரம் அங்கே செல்வோம்.

(தொடரும்)