கேம் நாவல்கள்: விமர்சிப்பது எப்படி, எழுதியவரிடம் என்ன கேட்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதத்திலேயே ஒரு கேமாவது இன்ஸ்டால் ஆகிவிடும். பிள்ளைகள் ஹேலோ, ஸ்டார் கிராப்ட், மாஸ் எஃபெக்ட் என்று பெயர் சொல்வார்கள். பெரியவர்கள், 'ஏதோ சுடுகிற விளையாட்டு' என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் இந்த கேம்கள் ஒவ்வொன்றின் பெயரிலும் நாவல்கள் வந்திருக்கின்றன. திரையில் பத்து நிமிடத்தில் முடிந்துபோகும் ஒரு சண்டைக்கு நாவலில் முன்கதை இருக்கும். ஒரே ஒரு வசனம் பேசி மறையும் சிப்பாய்க்கு நாவலில் அம்மா, ஊர் எல்லாம் இருக்கும்.

இப்படி ஒரு சினிமா, டிவி தொடர் அல்லது கேமை ஒட்டி எழுதப்படும் புத்தகங்களுக்கு ஆங்கிலத்தில் 'டை-இன்' என்று பெயர். இதில் இரண்டு வகை உண்டு. படத்தின் கதையையே நாவலாக எழுதுவது நாவலைசேஷன். அதே உலகத்தை எடுத்துக்கொண்டு புதுக் கதை எழுதுவது இன்னொரு வகை. இரண்டிலும் ஒரு விஷயம் பொது. எழுதுபவர் ஒருவர், கதையின் சொந்தக்காரர் இன்னொருவர். நம்பிக்கை இல்லையென்றால் இப்படிப்பட்ட ஒரு நாவலின் காப்புரிமைப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் எழுத்தாளர் பெயருக்குப் பதிலாக ஒரு கம்பெனியின் பெயர்தான் இருக்கும்.

இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இந்த நாவல்களை விமர்சிக்கக் கூடாது என்பது என் கருத்து. விமர்சகர்கள் பலர் இந்தப் புத்தகங்களைக் கையில் எடுப்பதே இல்லை. எடுப்பவர்களும் கம்பெனியின் முடிவுக்கு எழுத்தாளரைத் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

யார் முடிவு அது?

ஒரு உதாரணம். ஸ்டார் வார்ஸ் படங்களில் உடம்பெல்லாம் முடியோடு ஒரு உயரமான பாத்திரம் வருமே, சூபாக்கா, அவரை 1999-ல் வெளியான 'வெக்டர் பிரைம்' என்ற நாவல் கொன்றுவிட்டது. எழுதியவர் ஆர்.ஏ. சால்வடோர். ரசிகர்களின் கோபம் முழுக்க அவர் தலையில் விழுந்தது. ஆனால் முக்கியமான பாத்திரம் ஒன்று சாக வேண்டும் என்று பதிப்பகமும் லூகாஸ் பிலிமும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அந்த மரணத்தை நன்றாக எழுதினாரா என்று கேட்டால் அது விமர்சனம். ஏன் கொன்றீர்கள் என்று அவரிடம் கேட்பது, போஸ்ட்மேனிடம் 'ஏன் இப்படி ஒரு கடிதம் கொண்டு வந்தீர்கள்' என்று கேட்பது போல.

இதே சால்வடோரிடம் வேறு கேள்வி கேட்டவர்களுக்கு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. 1988-ல் வந்த அவருடைய முதல் நாவல் 'தி கிரிஸ்டல் ஷார்ட்', டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் உலகத்தில் நடப்பது. அதில் வரும் கருப்பு எல்ஃப் வீரன் டிரிஸ்ட் பின்னாளில் பெரும் புகழ் பெற்று, பல நாவல்களுக்கு நாயகன் ஆனான். இவன் திட்டமிட்டுப் பிறந்தவன் அல்ல. கதாநாயகனுக்கு ஒரு துணைப் பாத்திரம் வேண்டும் என்று எடிட்டர் போனில் அவசரப்படுத்த, அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன் என்று சால்வடோரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். புத்தகத்தை எத்தனை முறை படித்தாலும் இது தெரியாது. கேட்டால்தான் தெரியும். பேட்டியின் பயனே இதுதான்.

வேலியும் விளைச்சலும்

அடுத்தவர் உலகத்தில் எழுதினால் நல்ல எழுத்து வராது என்பவர்களுக்கு திமோதி ஸான் பெயரைச் சொல்லலாம். 1991-ல் ஸ்டார் வார்ஸ் உலகத்தை வைத்து அவர் எழுதிய 'ஏர் டு தி எம்பயர்' நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் வரை போனது. அதில் அவர் உருவாக்கிய வில்லன் த்ரான். கத்துவதில்லை, கழுத்தை நெரிப்பதில்லை. எதிரி நாட்டு ஓவியங்களை உட்கார்ந்து பார்த்தே எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடிக்கும் தளபதி.

2012-ல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ் பிலிமை வாங்கியது. 2014-ல் அதுவரை வந்த நாவல்கள் எல்லாம் அதிகாரபூர்வ கதை அல்ல, 'லெஜன்ட்ஸ்' மட்டுமே என்று அறிவிப்பு வந்தது. ஒரே அறிவிப்பில் அலமாரி அலமாரியாகக் கதைகள் செல்லாக்காசு ஆகின. சூபாக்காவின் மரணமும் அதில் போனது என்பது வேறு விஷயம்! ஆனால் த்ரானை விட மனம் வரவில்லை. 2016-ல் ரெபல்ஸ் என்ற அனிமேஷன் தொடரில் திரும்பக் கொண்டு வந்தார்கள். 2017-ல் அவனைப் பற்றிப் புது நாவல் எழுத ஸானையே கூப்பிட்டார்கள்.

பழைய ஸ்டார் வார்ஸ் நாவலின் மறுபதிப்பை வாங்கினால் அட்டையில் லெஜன்ட்ஸ் என்ற பட்டை இருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். கதை நன்றாக இருந்தால் படிக்க வேண்டியதுதான்.

கேம் உலகத்தில் இந்த இழுபறி இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. 'ஹேலோ: தி ஃபால் ஆஃப் ரீச்' நாவல் 2001-ல் கேம் வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பே கடைக்கு வந்துவிட்டது. எழுதியவர் எரிக் நைலண்ட். கேமில் ஹெல்மெட்டுக்குள் முகமே தெரியாத வீரனுக்கு, சிறுவயதிலேயே குடும்பத்திலிருந்து கடத்தப்பட்டு வளர்க்கப்பட்டவன் என்ற கடந்த காலத்தைக் கொடுத்தது இந்த நாவல்தான். 2010-ல் அதே ரீச் கிரகத்துப் போரை வைத்து 'ஹேலோ: ரீச்' கேம் வந்தபோது தேதிகளே ஒத்துப்போகவில்லை. நாவலில் மிகக் குறுகிய நேரத்தில் முடிந்த போர், கேமில் வாரக்கணக்கில் நடந்தது. விட்டுக்கொடுத்தது எது? நாவல்தான். கேமோடு ஒத்துப்போக நாவலின் மறுபதிப்பில் திருத்தங்கள் செய்தார்கள்.

எல்லாத் தவறுக்கும் கம்பெனியைக் கைகாட்டவும் முடியாது. 2012-ல் வந்த 'மாஸ் எஃபெக்ட்: டிசெப்ஷன்' நாவலில் முந்தைய நாவல்களோடும் கேம்களோடும் ஒட்டாத பிழைகள் ஏராளம். முந்தைய நாவலில் ஆட்டிசம் உள்ள பெண்ணாகக் காட்டப்பட்ட பாத்திரம், இதில் அந்த அடையாளமே இல்லாமல் வந்தது. ரசிகர்கள் வெறும் கோபத்தோடு நிற்கவில்லை. பிழை எது, சரியான விவரம் எது என்று ஒவ்வொன்றாகத் தொகுத்து ஆவணமாக வைத்தார்கள். கேமை உருவாக்கிய பயோவேரும் பதிப்பகமும் மன்னிப்புக் கேட்டு, அடுத்த பதிப்பில் திருத்துவதாக அறிவித்தன. 'குப்பை' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா?

பணம் என்ற கேள்வி

இனி பேட்டிகளில் பலரும் கேட்கத் தயங்கும் விஷயம். ஸ்டார் வார்ஸ் முதல் படத்தின் நாவல் 1976 இறுதியில், படம் வருவதற்கு முன்பே வந்தது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர். உண்மையில் எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். 1978-ல் அவர் தன் பெயரில் எழுதிய 'ஸ்பிளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ' இன்னும் சுவாரஸ்யம். படம் பெரிதாக ஓடாவிட்டால், குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுக்கத் தோதாக எழுதச் சொன்ன கதை அது. பனிமூட்டம் சூழ்ந்த கிரகத்தில் கதை நடப்பதற்கு அதுவே காரணம். மூட்டம் இருந்தால் செட் செலவு மிச்சம்!

2020 நவம்பரில் இதே ஃபாஸ்டர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஸ்டார் வார்ஸ், ஏலியன் நாவல்களுக்குத் தனக்கு வர வேண்டிய ராயல்டி வரவில்லை என்பது புகார். அவருக்கும் அவர் மனைவிக்கும் உடல்நலம் சரியில்லாத நேரம். கம்பெனியை வாங்கியபோது உரிமைகளை மட்டுமே வாங்கினோம், பணம் தரும் கடமையை வாங்கவில்லை என்பது டிஸ்னியின் வாதம் என அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் வெளிப்படையாகச் சொன்னது. வாசகர்கள் பலரும் குரல் கொடுத்தார்கள். 2021-ல் ஃபாஸ்டரின் பிரச்சினை தீர்ந்தது.

இதற்கு நேர் எதிரான கதை போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியுடையது. இவர் அடுத்தவர் உலகத்தில் எழுதவில்லை. இவருடைய விட்சர் கதைகளை வைத்து சிடி புராஜெக்ட் நிறுவனம் கேம் செய்தது. லாபத்தில் பங்கு வேண்டாம், ஒரே தொகையாகக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். 2007-ல் முதல் கேம் வந்தது. அடுத்தடுத்து வந்தவை உலகம் முழுக்க விற்றன. 2018-ல் ஆறு கோடி ஸ்லோட்டிக்கும் மேல் கேட்டு வக்கீல் மூலம் கடிதம் அனுப்பினார். 2019 டிசம்பரில் இரு தரப்பும் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

இ-மெயிலில் பேட்டி

இந்த எழுத்தாளர்களில் பலர் வாசகர்களுக்குப் பதில் எழுதக்கூடியவர்கள். பத்திரிகைக்கோ பள்ளி மலருக்கோ பேட்டி எடுக்க விரும்பினால் முதலில் கேள்விகளை நோட்பேடில் டைப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்வி போதும். முப்பது அனுப்பினால் ஒன்றுக்கும் பதில் வராது. எந்த நாவல், எத்தனாவது அத்தியாயம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். புத்தகத்தைப் படித்தவர் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். எதை நீங்கள் கேட்டு அவர்கள் மறுத்தார்கள், எழுத எத்தனை வாரம் கொடுத்தார்கள், எழுதும்போது கேமை விளையாட முடிந்ததா அல்லது ஸ்கிரிப்ட் மட்டும்தானா போன்ற கேள்விகளுக்கு நல்ல பதில் வரும். அடுத்த பாகத்தில் என்ன நடக்கும் என்று கேட்க வேண்டாம். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

முக்கியமாக, உங்கள் சொந்தக் கதை யோசனையை அந்த மெயிலில் சேர்க்காதீர்கள். நாளைக்கு அதே போன்ற காட்சி நாவலில் வந்துவிட்டால் 'என் கதையைத் திருடினார்' என்ற வழக்கு வரும் என்று பயந்து, பலர் அப்படிப்பட்ட மெயிலைப் பாதியிலேயே மூடிவிடுவார்கள்.