வேலையை விட்டும் விடாத ஆஸ்பெஸ்டாஸ் தூசி

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆலையில் வேலை பார்த்தவர் உங்கள் வீட்டில் உண்டா? அந்த நார்த்தூசி நுரையீரலில் தங்கிவிடும். மூச்சிரைப்பாகத் தெரியவர 10 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அவர் உடுப்பை உதறித் துவைத்த பெண்களுக்கும் ஆபத்து உண்டு. காசநோய் என்று தவறாக எண்ணப்படுவதும் நடக்கிறது. ஆகவே டாக்டர் கேட்காவிட்டாலும் பழைய வேலையைச் சொல்லுங்கள்.

1995 ஜனவரி 27-இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவிட்டது: ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். நல்ல தீர்ப்புதான், ஆனால் ஆலையையே மூடிவிட்டால் யாரிடம் கேட்பது?

இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில்சார் நோய். எனவே அத்தாவின் இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, பழைய எக்ஸ்ரே எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.