தேன்நிலவுக்கு 1,20,000 புள்ளிகள்

கல்யாணம் முடிந்த பதினோராம் நாள் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. மாமியாரோ நாத்தனாரோ காரணமில்லை. சிங்கப்பூரில் எந்த ஹோட்டலில் தங்குவது என்பதுதான் விஷயம்.

சிங்கப்பூர் என்று முடிவானதில் சிக்கல் இல்லை. திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து நாள் லீவு கிடைத்திருந்தது. டிக்கெட்டை அவர் போட்டார். ஹோட்டலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னிடம் புள்ளிகள் இருந்தன.

நான் தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக ஹைதராபாத், புனே, குருகிராம் என்று ஓடிய ஓட்டத்தில், ஒரே ஹோட்டல் குழுமத்தில் தங்கித் தங்கி 1,20,000 புள்ளிகள் சேர்ந்துவிட்டன. பெரிய குழுமங்கள் பலவற்றில் ஒரு அமெரிக்க டாலர் செலவுக்குப் பத்துப் புள்ளிகள் தருவார்கள். கணக்குப் போட்டால் என் புள்ளிகள் ஏறக்குறைய நூற்றைம்பது இரவுகள். அத்தனை இரவும் தனியாகத் தயிர்சாதம் வரவழைத்துச் சாப்பிட்டு, டிவியைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டுத் தூங்கியவை. அவற்றைத் தேன்நிலவுக்குச் செலவழிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எனக்கு மெரினா பே பக்கம் வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும். அவருக்கு லிட்டில் இந்தியா வேண்டும்.

“ஏன்?”

“சாப்பாடு சரியா இருக்கும்.”

“சிங்கப்பூர் போயும் இட்லியாங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. நான் லேப்டாப்பை மூடினேன். அன்று இரவு அவ்வளவுதான் பேச்சு.

புள்ளி என்பது இலவசமா?

மறுநாள் கோபம் ஆறியதும் என் தொழில் புத்தி வேலை செய்தது. ஆசையை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கை எடுத்தேன். உங்களில் பலரிடமும் வேலை நிமித்தம் சேர்ந்த புள்ளிகள் தூங்கிக்கொண்டிருக்கும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் விமான நிறுவனங்களிலிருந்து வந்தது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல்கள் கொடுக்க ஆரம்பித்தது. 1983இல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் அதே வழியில் இறங்கின. வாடிக்கையாளரை வேறு கடைக்குப் போகவிடாமல் கட்டிப்போடுவதுதான் நோக்கம். நம் ஊர் மளிகைக்கடைக்காரர் தீபாவளிக்கு டிபன் பாக்ஸ் கொடுப்பதும் இதற்குத்தானே!

புள்ளியில் அறை எடுப்பதற்கு முன் அந்த அறையின் முழு விலை தெரிய வேண்டும். சிங்கப்பூரில் ஹோட்டல் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் உஷாராகிவிடுங்கள். ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம். இன்னொன்று, அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி. 2024 ஜனவரி முதல் இந்த விகிதம். இரண்டும் சேர்ந்தால் 19.9 சதவீதம். 200 வெள்ளி என்று போட்டிருக்கும் அறைக்கு நீங்கள் கட்டப்போவது 239 வெள்ளி 80 காசு. முழுக்கப் புள்ளியில் எடுக்கும் அறைக்குப் பெரும்பாலும் இந்தக் கூடுதல் வராது. அதனால் ஒப்பிடும்போது வரி சேர்த்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

நாங்கள் பார்த்த அன்று, தண்ணீர் தெரியும் அறை ஒன்று 500 வெள்ளி; வரியோடு 599.50. புள்ளியில் 60,000. லிட்டில் இந்தியா பக்கம் ஓர் அறை 200 வெள்ளி, வரியோடு 239.80. புள்ளியில் 22,000. வகுத்துப் பார்த்தேன். முதல் அறையில் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ ஒரு காசு கிடைக்கிறது. இரண்டாவதில் 1.09 காசு. பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் நாட்கள்? தண்ணீர் பக்கம் இரண்டே இரவில் கையிருப்பு காலி, மீதி இரண்டு இரவுக்கு 1,199 வெள்ளி கைக்காசு. லிட்டில் இந்தியாவில் நான்கு இரவுக்கு 88,000. அப்புறமும் 32,000 மிஞ்சும்.

இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொண்டேன். புள்ளியே இல்லாவிட்டால் 599 வெள்ளி கொடுத்து அந்த அறையை எடுத்திருப்பேனா? மாட்டேன். அப்படியென்றால் “அறுநூறு வெள்ளி அறை ஓசியில் கிடைத்தது” என்று சொல்வது என்னை நானே ஏமாற்றிக்கொள்வது. கையிலிருந்து எவ்வளவு கொடுக்கத் துணிவோமோ, அதுதான் நமக்கு அந்த அறையின் மதிப்பு.

லிட்டில் இந்தியா ஜெயித்தது. அவரிடம் சொன்னேன். சிரித்தார். காரணத்தை அப்போதும் சொல்லவில்லை.

எங்கே எது?

புள்ளி வைத்திருப்பவருக்கு முதல் கட்டுப்பாடு, ஒரு குழுமத்தின் புள்ளி இன்னொன்றில் செல்லாது என்பதுதான். ஃபாரர் பார்க் நிலையம் பக்கம் ஹாலிடே இன் லிட்டில் இந்தியா இருக்கிறது, அது ஐஎச்ஜி. பெலிலியஸ் ரோட்டில் ஹில்டன் கார்டன் இன். சற்றுத் தள்ளி பூகிஸில் ஹயாட்டின் ஆண்டாஸ். ராஃபிள்ஸும் ஸ்விசோட்டல் ஸ்டாம்ஃபர்டும் அக்கோர் குழுமம். தண்ணீர் பக்கம் ரிட்ஸ் கார்ல்டன் மில்லெனியா மேரியட்டைச் சேர்ந்தது. நாம் எல்லோரும் படத்தில் பார்க்கும், 57ஆம் மாடியில் நீச்சல்குளம் வைத்த மெரினா பே சாண்ட்ஸில் என் புள்ளிகள் செல்லாது.

அக்கோரில் கணக்கு எளிது: 2,000 புள்ளிக்கு 40 யூரோ கழித்துக்கொள்வார்கள். மேரியட்டும் ஹில்டனும் தேவையைப் பொறுத்துப் புள்ளி விலையை ஏற்றி இறக்கும். மேரியட்டில் புள்ளியில் தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால் நான்குக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் போதும். ஹில்டனில் சில்வர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள உறுப்பினர்களுக்கும் ஐந்தாம் இரவு இலவசம். ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கும் வாரம், சீனப் புத்தாண்டு போன்ற நாட்களில் காசு விலையோடு புள்ளி விலையும் ஏறிவிடும்.

“ஹோட்டல் எதற்கு, நாலு நாளைக்கு ஃபிளாட் எடுத்துக்கொள்” என்று என் தோழி யோசனை சொன்னாள். சிங்கப்பூரில் அது சட்டப்படி முடியாது. தனியார் வீடுகளையே குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம்.

லிட்டில் இந்தியாவில் தங்கினால் தண்ணீர் தூரமாகிவிடுமோ என்று பயந்தேன். ஆகவில்லை. எம்ஆர்டி டவுன்டவுன் பாதையில் ரோச்சோர், பூகிஸ், புரொமனாட், நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட். இறங்கினால் கார்டன்ஸ் பை தி பே. இரவு 7.45க்கும் 8.45க்கும் அங்கே மரக்கோபுரங்களில் ஒளிக்காட்சி, கட்டணம் கிடையாது. செந்தோசா போக வடகிழக்குப் பாதையில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட். சாங்கி விமான நிலையத்துக்கு எக்ஸ்போவில் ஒரே ஒரு மாற்றம்.

புள்ளியில் எடுத்த அறைக்குப் பொதுவாகக் காலை உணவு கிடையாது. எங்களுக்கு அது குறையாகவே படவில்லை. செராங்கூன் ரோட்டில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் இருக்கும்போது ஹோட்டல் பஃபே எதற்கு? முதல் நாள் காலை நெய் ரோஸ்ட்டுக்காக நான்தான் முதலில் கை தூக்கினேன். “சிங்கப்பூர் வந்தும்...” என்று அவர் ஆரம்பித்தார். முறைத்தேன்.

இரண்டு கட்டில்

இனி என் தவறு. போய்ச் சேர்ந்த இரவு அறைக்கதவைத் திறந்தால், உள்ளே இரண்டு தனித்தனிக் கட்டில்கள். நடுவில் சுவரோடு சேர்த்து அடித்த சின்ன மேஜை, அதில் ஒரு விளக்கு. நகர்த்தவும் முடியாது. தேன்நிலவுக்கு வந்த ஜோடிக்கு!

கீழே போய்க் கேட்டேன். புள்ளியில் எடுக்கும் சாதாரண அறைக்குக் கட்டில் எப்படி என்பது விருப்பமாகத்தான் பதிவாகும், உறுதி கிடையாதாம். பதிவு செய்யும்போது தேன்நிலவு என்று நானும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. இன்று எல்லா அறையும் நிறைந்துவிட்டது, நாளை மாற்றித் தருகிறோம் என்றார் அந்தப் பெண், உண்மையான வருத்தத்தோடு. ஆகவே நீங்கள் முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அன்று இரவு ஆளுக்கொரு கட்டிலில் படுத்துக்கொண்டு, நடுவில் விளக்கெரிய, இரண்டு மணி வரை பேசினோம். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். லிட்டில் இந்தியாதான் வேண்டும் என்று நின்ற காரணத்தையும் அப்போதுதான் சொன்னார்.

என் மாமனார் பதினோரு வருடம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். மன்னார்குடிப் பக்கம் இது அதிசயமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். இவருக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்கு வரும் போன். அட்டை வாங்கிப் போட்டுப் பேசுவதால் நிமிடக்கணக்கு. அம்மா பேசி, அக்கா பேசி, கடைசியில் இவர் கைக்கு வரும்போது ஒரு நிமிடம்கூட இருக்காது.

“அப்பா என்ன பேசினார்னுகூட ஞாபகம் இல்ல. ஆனா பின்னாடி ஒரே சத்தமா இருக்கும். ஆயிரம் பேர் நின்னு பேசுற மாதிரி. அப்பா எங்கயோ திருவிழாவுல இருக்கார்னு நினைச்சுப்பேன். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு தடவை பார்க்கணும்.”

நான் விளக்கை அணைத்தேன். ஆனால் தூங்கவில்லை. நூற்றைம்பது இரவு தனியே தூங்கியதைப் பெரிய தியாகம்போல் நினைத்துக்கொண்டிருந்தேனே என்று கூச்சமாக இருந்தது.

மறுநாள் பெரிய கட்டில் உள்ள அறை கிடைத்தது. அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ ரோட்டுக்குப் போனோம். வார விடுமுறைக்கு வந்த நம் ஊர்த் தொழிலாளிகள். நடைபாதை, புல்தரை, கடை வாசல் எங்கும் தலைகள். பூக்கடை, காய்கறிக்கடை, பணம் அனுப்பும் கடை வரிசை. ஒருவர் தரையில் உட்கார்ந்து வீடியோ காலில் குழந்தைக்கு முகம் கோணிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இவர் நின்ற இடத்திலிருந்து மாமாவுக்குப் போன் செய்தார். வீடியோ இல்லாமல், வெறும் குரல் மட்டும். “அப்பா” என்றதற்கு மேல் பேசவில்லை. போனைக் கூட்டத்தை நோக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

பிறகு மாமாவின் குரல்: “தேக்காவுலயா நிக்கிறீங்க?”

போன் என் கைக்கு வந்தது. அறை வாடகை எவ்வளவு என்று மாமா கேட்டார். காசு இல்லை மாமா, புள்ளி என்றேன். “புள்ளின்னா? கோலத்துக்கு வைக்கிறதா?” என்றார். விளக்கிச் சொன்னதும், “ஆபீஸ் காசுல தூங்குனதுக்கு உனக்குச் சன்மானமா! நல்லாருக்கே” என்று சிரித்தார். அந்த ஊரில் பதினோரு வருடம் இருந்தவர், ஹோட்டல் அறை உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டார். விடுதியில் பதினாறு பேரோடு படுத்தவராம்.

போவதற்கு முன்

கடைசியாகச் சில விஷயங்கள். வேலைப் பயணத்தில் சேரும் புள்ளியை நீங்கள் வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் நிறுவனத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். புள்ளிகளுக்கு ஆயுள் உண்டு. சில குழுமங்களில் 12 மாதம், சிலவற்றில் 24 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் அழிந்துவிடும். மூன்றாம் நபர் தளங்களில் அறை எடுத்தால் பெரும்பாலும் புள்ளி சேராது. வரவேற்பில் கார்டிலிருந்து ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அது திரும்பி வரப் பல நாள் ஆகலாம். ரத்து செய்ய எதுவரை நேரம் என்பதைப் பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள்.

என் கணக்கில் இப்போது 32,000 மிச்சம். ஒரே ஓர் இரவுக்குத்தான் போதும். இன்னும் 12,000 சேர்ந்தால் இரண்டு இரவு ஆகும். மாமாவும் அத்தையும் தங்குவதற்கு. இந்த முறை பெரிய கட்டில் வேண்டும் என்று மறக்காமல் எழுதிவிடுவேன்.

அடுத்த வாரம் புனே போகிறேன்.